குரல் பழுதாகவில்லை

வயது ஏற ஏற, வீட்டில் எது பழுதானாலும் அந்தப் பழியைத் தம் உடலின்மேல் சுமத்திக்கொள்ளும் வழக்கம் முதியோர்க்கு வந்துவிடுகிறது. தொலைபேசியில் எதிர்முனைப் பேச்சுக் கேட்காவிட்டால் காது போயிற்று என்கிறோம். தொலைக்காட்சிப் படம் மங்கினால் கண் மங்கிற்று என்கிறோம். பல நேரங்களில் குறை நம்மிடம் இருப்பதில்லை. பொறுமையோடு வரிசையாகத் தேடினால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். சென்ற மார்கழியில் ஓட்டப்பிடாரத்தில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததை அன்பர்களுக்குச் சொல்ல விழைவது இதன்பொருட்டே.

என் மனைவிக்குக் கண் அழுத்த நோயால் பார்வை பெரிதும் குறைந்துவிட்டது. பாராயணப் புத்தகத்தை விரித்து வாசிக்க இயலவில்லை. ஆகவே பெங்களூரில் பணிபுரியும் எங்கள் மகன், ஸ்மார்ட் ஸ்பீக்கர் எனப்படும், சொன்னதைக் கேட்டு நடக்கும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிப் பூஜை அறையில் வைத்துச் சென்றான். விடியற்காலையில் விளக்கேற்றியதும் அவள் குரல் கொடுத்தால் போதும். கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும். மார்கழியானால் திருவெம்பாவை. அதனோடு சேர்ந்து அவளும் சொல்லுவாள். யார் கையையும் எதிர்பாராமல் தன் வழிபாட்டைத் தானே நடத்திக்கொள்ளும் நிறைவு அவளுக்கு அதில் இருந்தது.

பொங்கலை முன்னிட்டு வீட்டிற்கு வெள்ளையடித்து முடித்த மறுநாள் முதல் அக்கருவி முரண்டு பிடித்தது. பாட்டு பாதியில் நின்றது. பிறகு தொடங்கவே மறுத்தது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பல் செட் வைத்த பிறகு தன் பேச்சுக் குழறுவதால்தான் அது கேட்க மறுக்கிறது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். "என் குரலும் போயிருச்சு போல. பிள்ளைகிட்டச் சொல்லாதீங்க, வேலையைப் போட்டுட்டு ஓடி வருவான்" என்றாள். அதன்பின் இரண்டு நாள் அவள் அந்தக் கருவியிடம் பேசவேயில்லை. கருவியைப் பார்த்த கடைக்காரர் ஒருவரோ, புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே நல்லது என்றார்.

அது சொல்லும் ஆங்கில வாக்கியத்தை நான் அருகிருந்து கேட்டேன். இணையத்தோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்பதே அதன் பொருள். பேச்சு விளங்கவில்லை என்றால் அது வேறு விதமாகச் சொல்லியிருக்கும். இக்கருவியின் உள்ளே பாட்டு ஏதும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கவில்லை. நாம் சொன்ன சொல் வைஃபை பெட்டி வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குச் செல்கிறது. பாட்டும் அவ்வழியே வந்து சேர்கிறது. எனவே பழுது மூன்று இடங்களுள் ஒன்றில் இருக்க வேண்டும்: தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு, பெட்டியிலிருந்து பூஜை அறை வரையுள்ள வழி, அல்லது கருவி.

முதலில் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியின் அருகே நின்றேன். பாட்டுத் தடையின்றி வந்தது. ஆகவே வெளி இணைப்பில் குறையில்லை. கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில், பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்குச் சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று அறிந்து இணைப்பு தந்தவர்களை அழைக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அது எரியவில்லை. அடுத்து அதே கைப்பேசியோடு பூஜை அறைக்குச் சென்றேன். அங்கே பாட்டு விட்டு விட்டு வந்தது. மூன்றாவதாக, ஒலிபெருக்கியைக் கூடத்துக்கு எடுத்து வந்து பெட்டிக்கு அருகே வைத்து, அவளையே பேசச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் திருவெம்பாவை ஒலித்தது. "உன் குரலுக்கு ஒன்றுமில்லை; வழியில்தான் அடைப்பு" என்றேன். அவள் முகம் தெளிந்தது.

அடைப்பு எது என்பதும் விரைவில் தெரிந்தது. வெள்ளையடிக்க வந்தவர்கள் அலமாரியின் மேலிருந்த வைஃபை பெட்டியை இறக்கி, இரும்பு பீரோவுக்குப் பின்னே தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தனர். கரிசல் சீமையின் வெயிலைத் தாங்குவதற்காக எழுப்பிய தடித்த சுவர் முன்பே இடையில் உண்டு. பீரோவும் சேர்ந்துகொள்ளவே, அலை பூஜை அறையை எட்டவில்லை.

நம் தலைமுறைக்கு இது புதிய பாடமன்று. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் இலங்கை வானொலியைத் தெளிவாகக் கேட்பதற்காகப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தவர்கள் நாம். மாடியில் ஏரியல் கம்பி கட்டியவர்கள் நாம். அந்த மத்திய அலைகள் சில நூறு மீட்டர் நீளமுடையவை, பெருஞ்சக்தியோடு அனுப்பப்பட்டவை, ஆகவே ஊர் கடந்து, கடல் கடந்து வந்தன. வைஃபை அலையின் நீளம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் சுமார் 12 செ.மீ. மட்டுமே, அதன் சக்தியும் மிகச் சிறிது. தடித்த சுவர் அதை மெலிவிக்கும். இரும்பு அதைத் திருப்பி அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் வகை விரைவானதாயினும் சுவரைக் கடப்பதில் இன்னும் வலுக் குறைந்தது. தொலைவிலுள்ள அறைக்கு 2.4 வகையே ஏற்றது.

பெட்டியைப் பழையபடி உயரத்தில், நடையை நோக்கி வைத்தேன். செலவு ஏதுமில்லை. அன்று மாலையே பூஜை அறையில் கவசம் முழுமையாக ஒலித்தது.

தனித்து வாழும் பெரியோர்களுக்குச் சில சொற்கள். மின்சாரம் போய் வந்தால் வைஃபை பெட்டி முழுதும் விழித்தெழச் சில நிமிடங்கள் ஆகும், காத்திருங்கள். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால், கைப்பேசிச் செயலி வழியாக அதை ஒலிபெருக்கிக்கும் புதிதாகத் தெரிவிக்க வேண்டும். அச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகளை உதவிக்கு அழைப்பதில் தவறில்லை. ஆனால் எனக்கு வயதாகிவிட்டது என்று தொடங்காமல், பெட்டிக்கு அருகே வேலை செய்கிறது, பூஜை அறையில் செய்யவில்லை என்று சொல்லுங்கள். எத்தனை தொலைவில் இருந்தாலும் அவர்களால் அப்போது வழி சொல்ல முடியும்.