உருண்டையின் மேல் ஒரு நூல்



சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தோக்கியோவையும் தேடிப் பிடியுங்கள். அடிக்கோலை வைத்துக் கோடு போட்டால், அது கசகஸ்தான், மங்கோலியா வழியாகப் போகும். இதுதான் நேர்வழி என்று நினைப்போம். ஆனால் ஆகாய விமானத்துக்கு அது சுற்றுவழி!

காரணம் எளிது. பூமி உருண்டை, படமோ தட்டை. வடக்கே போகப் போகப் படம் இழுபட்டு அகன்றுவிடுகிறது. உண்மைத் தூரத்தை அறியப் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையும் கொஞ்சம் நூலும் போதும். இரண்டு ஊர்களிலும் நூலை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அது வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, ரஷ்யாவின் சைபீரியாவைக் கடந்து தோக்கியோவுக்கு இறங்கும். அதுவே மிகக் குறுகிய வழி.

இனிக் கணக்குக்கு வருவோம். அதே நீள நூலைப் பூமத்திய ரேகையின் மேல் வைத்து, எத்தனை பாகை என்று எண்ணுங்கள். ஏறக்குறைய 70 வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால், ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். எழுபதை 111-ஆல் பெருக்கினால் 7,770. விமான நிலையங்களுக்கு இடையே நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் 7,800-ஐ ஒட்டியே வருகிறது.

ஆனால் வழி குறுகியது என்பதற்காக அதில் போக விடுவார்களா? ரப்பர் நிரைகளுக்கு நடுவே குறுக்குப்பாதை இருந்தாலும், வேலியை அடைத்துவிட்டால் செம்மண் சடக்கைச் சுற்றித்தானே போகவேண்டும்? வானத்திலும் அப்படித்தான்.

அந்நாளில் சோவியத் யூனியன் தன் வான்வெளியை மேற்கு நாட்டு விமானங்களுக்கு எளிதில் திறந்துவிடவில்லை. பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஜப்பானுக்குச் சென்றன. 1983-இல் ஃபின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம், எங்கும் இறங்காமல் வடதுருவ வழியாகவே தோக்கியோவுக்குப் பறந்தது. பிற்பாடு சைபீரிய வழி திறந்தது. பயணம் சுமார் ஒன்பதரை மணி நேரமாகக் குறைந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. ஃபின்னேர் மறுபடியும் துருவ வழியைப் பிடித்தது. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது.

அந்தச் சுற்றுவழியையும் அளந்து பார்ப்போமா? ஹெல்சிங்கி வடக்கே 60-ஆவது பாகையில் இருக்கிறது. துருவம் 90. ஆக, துருவம் வரை 30 பாகை. துருவத்திலிருந்து பெரிங் நீரிணைக்கு 24. அங்கிருந்து தோக்கியோவுக்கு, நூலால் அளந்தால், 42. கூட்டினால் 96 பாகை. அதாவது சுமார் 10,650 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் தூரமும் ஏறக்குறைய இதுவேதான்!

கூடுதலாகப் பறந்த அந்த 2,900 கிலோமீட்டருக்கு எரிந்த எண்ணெயும், கழிந்த மணி நேரமும் யார் தலையில் விழுந்தன? சண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல், மகளைப் பார்க்கவும் பிழைப்பைத் தேடவும் டிக்கெட் வாங்கியவர்கள் தலையில்தான். படையெடுப்புச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளைக்கு உருண்டை கிடைத்தால், கையில் ஒரு நூலைக் கொடுங்கள். கோலாலம்பூரையும் லண்டனையும் அவனே அளக்கட்டும். 95 பாகை வருகிறதா என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள்.