தண்டனைப் பதிவேடு

அயர்லாந்தின் கில்டேர் பகுதியில், க்ளாங்கோஸ் வுட் பள்ளியின் தண்டனைப் பதிவேட்டில் 1889 மார்ச் 14ஆம் தேதியிட்டு ஒரு வரி இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸ், கெட்ட வார்த்தை பேசியதற்கு நான்கு அடி. அப்போது வயது ஏழு. பகல் முழுவதும் பிறருடைய பற்று வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இம்மாதிரிப் பதிவுகளிடம் ஒரு மரியாதை உண்டு. அவை எதையும் விளக்க முற்படுவதில்லை.

பி.ஏ.யில் 'போர்ட்ரெய்ட்' நாவலை வாசித்தபோது இந்த வரி எனக்குத் தெரியாது. ஸ்டீஃபனைத்தான் தெரியும். கண்ணாடி உடைந்துபோனதால் எழுத வேண்டாமென்று விடப்பட்ட பையனை, வகுப்புக்குள் நுழைந்த டோலன் பாதிரியார் சோம்பேறி, தந்திரக்காரன் என்று சொல்லி உள்ளங்கையில் அடிக்கிறார். பையன் நீண்ட நடையைத் தனியே கடந்து ரெக்டரிடம் போய் முறையிடுகிறான். ரெக்டர் காதுகொடுத்துக் கேட்கிறார். வெளியே வந்தவனைச் சகமாணவர்கள் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். அந்த அத்தியாயத்தை என் பள்ளிக்கூடமாகவே வாசித்தேன். நான் படித்ததும் பாதிரிமார் நடத்திய ஆண்கள் பள்ளிதான். ஏழாம் வகுப்பில், காப்பியடித்ததாக, என்னையும் ஒரு ஃபாதர் பிரம்பால் அடித்தார். என் கட்டுரைகளில் முதலில் அச்சேறியது அதைப் பற்றியதுதான். ஸ்தாபனத்தின் முன் நிற்கும் தனிமனிதன், குற்றமற்றவன் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

க்ளாங்கோஸின் கதை விசித்திரமானது. சேசு சபையைப் போப்பாண்டவர் 1773இல் கலைத்துவிட்டார். மீண்டும் அதற்கு உயிர் வந்தது 1814 ஆகஸ்டில். அதுவரை பீட்டர் கென்னி காத்திருக்கவில்லை. அந்த வருஷத் தொடக்கத்திலேயே ஒரு பழைய கோட்டையை 16,000 பவுண்டுக்கு வாங்கிப் பள்ளியைத் திறந்துவிட்டார். கத்தோலிக்கர் பார்லிமெண்டில் உட்காரும் உரிமை பெற 1829 வரை ஆயிற்று. வசதியுள்ள கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளை, வரப்போகும் பதவிகளுக்கு முன்கூட்டியே தயார்செய்த இடம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட முடியவில்லை. அங்கே வகுப்புகளுக்கு எண் கிடையாது, பெயர்தான்: எலிமெண்ட்ஸ், ருடிமெண்ட்ஸ், க்ராமர், ஸிண்டாக்ஸ், பொயட்ரி, ரெட்டரிக். இலக்கணத்தில் நுழைந்து, கவிதை வழியாக, சொல்வன்மையில் போய் முடிகிற ஏணி. சேசு சபை 1599இல் வகுத்த பாடமுறையின் மிச்சம் இது. ஒரு பையன் கவிதைக்குத் 'தேறி'ப் போகலாம் என்று நம்பிய ஸ்தாபனம்! (நம்மூரில் கவிதையில் தேறியவன் யார், தேர்வாளர் யார் என்கிற சண்டை வேறு விஷயம்.) அதே கட்டடத்தில்தான் தோல் மட்டையும் இருந்தது. அயர்லாந்துப் பள்ளிகளில் அடிப்பது நிறுத்தப்பட்டது 1982இல்தான்.

தண்டனைப் பதிவேட்டு வரி பிற்பாடு ஒரு புத்தகத்தில் என் கண்ணில் பட்டது. கண்ணாடிச் சம்பவமும் நடந்திருக்கலாம். ஆனால் ஜாய்ஸ் நாவலுக்கு எடுத்துக்கொண்டது, தான் நிரபராதியாக நிற்கும் அடியை. என் அடியை நினைத்துப் பார்த்தேன். ஆங்கிலம் இரண்டாம் தாள், கடிதம் எழுதும் கேள்வி, முன்பெஞ்சுக்காரன் தாள். பார்த்து எழுதினேன். பாதிப் பக்கம். எத்தனையோ வருஷம் எழுதவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது மறந்திருந்தது.

நாவலில் இன்னொரு இடம் இருக்கிறது. முதல் வாசிப்பில் நான் தாண்டிப்போன இடம். சில வருஷம் கழித்து ஸ்டீஃபனின் அப்பா அந்த ரெக்டரைச் சந்தித்துவிட்டு வந்து சொல்கிறார்: பையன் முறையிட்டதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லி, அடித்தவரும் ரெக்டரும் எல்லோருமாகச் சிரித்தார்களாம். பையனின் மகத்தான வெற்றி பெரியவர்களுக்கு ஒரு நல்ல வேடிக்கை. ஜாய்ஸ் அந்தச் சிரிப்பைச் சேர்த்திருக்கிறார். என் கட்டுரையில் சிரிப்பதற்கு யாருமே இல்லை.

ரெக்டர் கான்மி நிஜத்திலும் அதே பெயர்க்காரர். பணமுடையால் 1891இல் ஜாய்ஸ் க்ளாங்கோஸை விட்டு நின்றான். 1893இல் டப்ளினில் சேசு சபையின் பெல்வெடியர் பள்ளியில் சம்பளமில்லாமல் சேர இடம் பிடித்துக் கொடுத்தவர் அந்த கான்மிதான். தண்டனைப் பதிவேட்டில் இதற்குப் பத்தி இல்லை.

என்னை அடித்த ஃபாதர் அடுத்த வருஷம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, 'இதைப் படிச்சுப் பாருடா, முழுக்கப் புரியாது' என்று ஒரு கிரஹாம் க்ரீன் நாவலைக் கொடுத்தார். புரியவில்லை. என் கட்டுரையில் அவர் பிரம்போடு மட்டும் வருகிறார். அவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. சிறுபத்திரிகை எதையும் அவர் மேஜையில் நான் பார்த்ததில்லை. க்ரீன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.