ஏற்றத்தை விட இறக்கம்

பதுளை மாவட்டத்தில் பனி என்று நாம் சொல்வது மூடுபனியைத்தான். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் நம் உறவுகள் சொல்லும் ‘ஸ்நோ’ இங்கே விழுவதில்லை. ஆனாலும் ஒக்டோபரில் தொடங்கித் தை மாதம் வரைக்கும் பசறை, லுணுகலை, நமுனுகுல பக்கத்துத் தோட்டப் பாதைகளில் வாகனம் ஓட்டுகிற எவருக்கும் அந்த ஸ்நோவின் குணம் தெரிந்திருக்கும். சக்கரம் சுற்றும், வாகனம் நகராது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வாகனம் நிற்காது.

நான் ஓட்டுவது எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு பழைய டைஹட்சு டெரியோஸ். உருவத்தில் சிறியது. 1.3 லீற்றர் எஞ்சின்தான். நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும். இவ்வூரில் நாலு சக்கரமும் இழுக்கும் எதற்கும் ஜீப் என்றே பெயர், ஆகவே நானும் ஜீப் என்றே எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025இல்தான். அந்த ஐந்து வருடமும் இருந்ததைத் தைத்து, ஒட்டி, கிறீஸ் பூசி ஓட்டினோம். இன்றும் அதே ஜீப்தான்.

இதில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இழுவை ஒன்றாகப் பூட்டப்படும். முன்னிரண்டும் சேற்றில் வழுக்கிச் சுற்றினாலும் பின்னிரண்டும் தள்ளிக்கொண்டு போகும். காய்ந்த தார் வீதிக்கு வந்ததும் பூட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் திருப்பும்போது வண்டி இறுகி முனகும், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் கெடும். இந்தப் பொத்தானைப் பற்றி அலுவலகத்து ஆண்கள் பெருமையாகப் பேசுவார்கள். “இது இருந்தா எந்த மலையும் ஏறலாம்” என்பார்கள். ஏறலாம் என்பது உண்மைதான். இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு இறக்கத்தைச் சொல்லித் தந்தவர் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பேராதனையில் சமூகவியல் படித்து முடித்து வந்தபோது என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது, பதுளை நகரத்துக்குள் ஓட்டவும் தெரியும். “அது லைசன், இது மலை” என்றார் மாமா. முதல் நாள் என்னை ஜீப்பில் ஏற விடவில்லை. மழை விட்ட காலையில் பாதையில் நடக்க வைத்தார். சவுக்கு இலை உதிர்ந்து கிடக்கும் இடம் எது, பாசி படர்ந்த கொங்கிரீட் எது, மேலே இருந்து செம்மண் கரைந்து வந்து படியும் வளைவு எது என்று காலாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். “ஒன் செருப்பு வழுக்குற எடத்துல டயரும் வழுக்கும் புள்ள.”

பிறகுதான் கியர். எந்தக் கியரில் ஒரு மலையை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது அவருடைய முதல் பாடம். முதலாம் அல்லது இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பிரேக்கை மட்டும் நம்பி நீண்ட இறக்கம் இறங்கினால் அது சூடேறி, கருகல் வாசம் அடித்து, கடைசியில் பிடியில்லாமல் போகும். வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் தொடக் கூடாது. பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் எதையும் மிதிக்காமல், வண்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டேரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். இதைக் கேட்டால் புத்தி ஏற்காது. கை பழக வேண்டும். மாமா பழைய பெரட்டுக்களத்துச் சேற்றில் என்னை நாற்பது தடவையாவது வழுக்க விட்டிருப்பார்.

இதே பாடத்தைப் பல வருடம் கழித்து மொன்றியலிலிருந்து ஒரு தோழி எனக்குச் சொன்னாள். அவளுடைய குடும்பம் பதுளைப் பக்கத்துத் தோட்டக் குடும்பம். 1977 வன்செயலுக்குப் பிறகு வன்னிக்குப் போனவர்கள். 1977இலும் 1983இலும் அப்படிக் காணி தேடி, உயிர் தேடிப் போன மலையகத்தவரின் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கங்களை வாசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் கிளிநொச்சியில் பிறந்தாள், என்னோடு பேராதனையில் படித்தாள். இப்போது கனடாவில் ஒரு சின்ன ஜீப்பில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறாள். “இஞ்ச ஸ்நோவில ஜீப் ஓடுற ஆக்கள்தான் முதல்ல பள்ளத்துக்க கிடப்பினம்” என்று வாட்சப்பில் குரல் அனுப்பினாள். “நாலு சில்லும் இழுக்குது எண்டு வேகமாப் போவினம். நிக்கிறதுக்கு எல்லாக் காருக்கும் அதே நாலு பிரேக்தானே.”

அவர்கள் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடாமல் வீதியில் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடியை இழக்கத் தொடங்குமாம். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையானது, அதன் முகத்தில் நுண்ணிய வெட்டுக்கள் நிறைய இருக்கும். அவள் மிகவும் பயப்படுவது வெள்ளை ஸ்நோவுக்கு அல்ல. கறுப்பு ஐஸ் என்று ஒன்று உண்டாம். தார் வீதியில் கண்ணாடி போல மெல்லிய ஐஸ். பார்த்தால் வெறும் ஈர வீதி போலத்தான் இருக்கும். கீழேயும் காற்று வீசுவதால் பாலங்களின் மேல்தான் அது முதலில் உறையும். நான் அவளுக்கு நமது பாசி பிடித்த கொங்கிரீட் தடங்களின் படம் அனுப்பினேன். “எங்கட ஐஸுக்கு இது அக்கா” என்று பதில் வந்தது.

இந்தப் பேச்சு எங்களுக்கு வேடிக்கை மட்டுமல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் மைல்கல்லருகில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். மலையிலிருந்து விழுந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்திருந்த இடம் அது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். இரண்டு வீதியிலும் நான் மாதத்தில் சில தடவையாவது போகிறவள். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால், ஒரு திசையில் போகும்போது மலை நம் பக்கம் இருக்கும், திரும்பி வரும்போது பள்ளம் நம் பக்கம் இருக்கும். அதை மறந்து ஓட்டுகிற நாள் எனக்கு இன்னும் வரவில்லை.

2021 டிசம்பரில் ஒரு மாலை, நமுனுகுல பக்கத்தில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் சேமிப்புக் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து லயத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதாக ஓடி வந்து சொன்னார்கள். அவளுக்கு அது இரண்டாவது பிள்ளை. 1990க்கு அழைத்ததும் அம்புலன்ஸ் பிரதான வீதிவரை வருவதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் அந்த வண்டி ஏற முடியாது. தோட்ட லொறியின் சாரதி ஊரில் இல்லை. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு நாலு கிலோமீற்றர், எல்லாம் இறக்கம். மழை பிடித்து மூன்று நாள். வெளியே பார்த்தால் பத்தடிக்கு அப்பால் பால் ஊற்றியது போல மூடுபனி.

அவளுடைய கணவன் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “மிஸ், வேற யாராச்சும் ஆம்பளைங்க ஓட்ட ஏலாதா?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பாதையில் ஒரு பெண் வாகனம் ஓட்டிப் பார்த்திராத மனிதர். அவரது மாமியார்தான் முடிவு சொன்னார். “ஓட்டத் தெரிஞ்ச ஆம்பள யாரு இருக்கா இங்க? ஏறு” என்று மகளை முதலில் பின் ஆசனத்தில் ஏற்றித் தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பெரிய விளக்கைப் போட்டால் மூடுபனி வெளிச்சத்தை நம் முகத்துக்கே திருப்பி அடிக்கும், ஆகவே சின்ன விளக்கு. பொத்தானைப் பூட்டினேன். முதலாம் கியர். கண்ணாடியை இறக்கிவிட்டேன், கான் தண்ணீர் ஓடும் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். கணவனின் தம்பி ஒரு வெள்ளை உரப்பையை முதுகில் போட்டுக்கொண்டு டோர்ச்சுடன் முன்னால் நடந்தான். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஓட்டினேன். கொண்டை வளைவுகளில் அவன் நின்று கையை ஆட்டுவான், நான் நிறுத்தி, அவன் அடுத்த பக்கம் போய்ச் சத்தம் கொடுத்ததும் திரும்புவேன். ஒரு மதகுக்கு மேலே செம்மண் குழம்பாய்க் கிடந்த இடத்தில் ஜீப்பின் பின்புறம் ஒரு சாண் அளவு பள்ளத்துப் பக்கம் போனது. கை அது பாட்டுக்குத் திரும்பியது. மலைப்பக்கத்துக் கானோரத்துக்கு வந்து நின்றோம். பின்னாலிருந்து அந்த அம்மா, “நல்லாத்தான் போகுது, நீ போ புள்ள” என்றார். அவருக்குப் பாதை தெரியவே இல்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு கிலோமீற்றருக்கு ஐம்பது நிமிடம். அம்புலன்ஸ் காத்திருந்தது. அன்றிரவு பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது.

ஓட்டியதைச் சொன்ன நான் ஓட்டாததையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக அறிவிப்பார்கள். சிவப்பு என்றால் வெளியேறு என்று பொருள். மேற்பிரிவில் இருந்தவர்களுக்கு உலர் உணவு கொண்டுபோக ஜீப்பைக் கேட்டார்கள். பாதி வழியில் பார்த்தேன். பாதையின் ஓரத்தில் புதிதாக வெடிப்பு, மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்து, என்றும் தெளிவாக ஓடும் ஊற்று கலங்கி வந்தது. ஒன்றரைத் தொன் கூட இல்லாத வண்டிதான், ஆனால் அந்த மண் அதையும் தாங்காது. பின்னுக்கு எடுத்தேன். உடன் வந்த இளைஞர்களுக்கு ஏமாற்றம், ஒருவர் என்னைப் பயந்தவள் என்றும் சொன்னார். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் இறங்கி லயங்களை மூடியதை நினைவிருக்கும் வயது அவருக்கு இல்லை. தொலைபேசியில் மேற்பிரிவுப் பெண்களோடு பேசி, அவர்களை மலையின் மறுபக்க ஒற்றையடிப் பாதையால் பாடசாலைக்கு நடந்து இறங்கச் சொன்னோம். குழந்தைகளையும் கிழவிகளையும் அழைத்துக்கொண்டு பிற்பகலுக்குள் இறங்கிவிட்டார்கள். உணவைப் பாடசாலைக்குக் கொண்டு போனோம்.

இப்போது எங்கள் பகுதியில் மூன்று பெண்கள் ஓட்டப் பழகுகிறார்கள். ஒருத்தி கொழுந்து பறிப்பவள், முச்சக்கர வண்டி எடுக்கும் யோசனையில் இருக்கிறாள். உங்களிலும் இடம்பெயர்ந்த காலத்தில் உழவு இயந்திரத்தில் சாமானும் பிள்ளைகளும் ஏற்றி, நவம்பர் மழைச் சேற்றில் ஓட்டியவர்கள் இருப்பீர்கள். அந்தக் கைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர அதிகமில்லை. வன்னியில் இல்லாத இறக்கம் ஒன்றுதான் பாக்கி. மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, வெயில் காய்ந்த நாட்களில் மட்டும் வருவார். வந்தால் முதலில் அந்த மூவரையும் நடக்கத்தான் வைக்கிறார்.

ஜீப்புக்கு இந்த மழைக்கு முன் டயர் போட வேண்டும். வெட்டுக்கள் தேய்ந்து வருகின்றன. கணக்குப் பகுதியில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றார்கள். நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும் வண்டியில் இரண்டு புதியதும் இரண்டு தேய்ந்ததும் கலந்து போட்டால் சுற்று வித்தியாசப்பட்டு உள்ளே பற்சக்கரம் தேயும் என்று விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாமாவிடமும் ஒரு கையொப்பம் வாங்கி இணைத்தேன்.