சுவரில் ஓடிய காடு

பாரிஸின் ரஸ்பாய் பெருவீதியில் 261-ஆம் எண் கட்டடத்துக்கு முன்னால் ஒரு லெபனான் தேவதாரு நிற்கிறது. எழுத்தாளர் ஷத்தோப்ரியான் 1823-இல் நட்ட மரம். கட்டடக் கலைஞர் ழான் நுவெல் அதற்கு இடம்விட்டுத்தான் இங்கே கண்ணாடி மாளிகையை எழுப்பினார். 1994-இலிருந்து பல ஆண்டுகள் கார்த்தியே அறக்கட்டளையின் கலைக்கூடம் இதில் இயங்கியது. காட்டின் ஒலியைக் கேட்க ஒரு மாநகரத்தின் நிலவறைக்குள் இறங்கப் போகிறவர்களை வாசலில் ஒரு கிழட்டு மரம் வரவேற்பது எனக்குப் பிடித்திருந்தது.

2016 கோடைக்காலம். லா ஷப்பெல் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். கார் து நோர் நிலையத்தில் 4-ஆம் எண் மெட்ரோவைப் பிடித்தால் எங்கும் மாறாமல் ரஸ்பாயில் இறங்கலாம். தோழியும் கூட வந்தார். கண்காட்சியின் பெயர் 'விலங்குகளின் மாபெரும் இசைக்குழு'. மேலே, சீனக் கலைஞர் சாய் குவோ சியாங் வெடிமருந்தைக் கொளுத்தி வரைந்த 18 மீட்டர் நீள ஓவியத்தில் விலங்குகள் ஒரு நீர்நிலையில் கூடியிருந்தன. சற்று நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம்.

கீழே இருட்டு. கண் பழகச் சிறிது நேரம் ஆனது. சுவர்களில் வண்ண ஒளிக்கோடுகள் மெல்ல ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே கருநிற நீர்ப்பரப்பில் அதே கோடுகள் தலைகீழாக. அறையெங்கும் ஒரு காடு கத்திக்கொண்டிருந்தது. அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ் உலகம் முழுவதும் அலைந்து பதிந்த ஒலிகளை, லண்டனைச் சேர்ந்த யுனைடெட் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு ஒளியாக்கியிருந்தது. இடமிருந்து வலமாகக் காலம் நகர்கிறது. கீழிருந்து மேலாகச் சுருதி ஏறுகிறது. எங்கே ஒலி வலுக்கிறதோ அங்கே ஒளி வலுக்கிறது. இதைப் புரிந்துகொண்டதும் சுவரைப் படிக்க வந்துவிட்டது.

கனடாவின் அல்கொன்கின் காட்டில் ஓநாய்கள் ஊளையிட்டபோது நீண்ட வளைகோடுகள் எழுந்து சரிந்தன. மத்திய ஆப்பிரிக்காவின் ட்சங்கா-சங்கா காடு வந்தது, அமேசான் வந்தது. அமேசானில்தான் நான் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். பூச்சிகளின் ஓசை சுவரின் குறுக்கே விடாத பட்டைகளாக நின்றது. பட்டைகளுக்கு இடையே விட்ட இருட்டில் பறவைகள் தங்கள் கீற்றுகளை இழுத்தன. தவளைகள் அவற்றுக்குக் கீழே. வரப்பு கட்டிய வயல் போல ஆளுக்கொரு பாத்தி. ஒருவர் பாத்திக்குள் மற்றவர் பெரும்பாலும் கால் வைப்பதில்லை.

இந்த ஒழுங்கைக் கிராஸ் 1983-இல் கென்யாவில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது உணர்ந்தார். பிறகு ஒலிவரைபடங்களை அச்சிட்டுப் பார்த்தபோது அவை இசைத்தாள் போல இருந்தன. அவர் இசைக்கலைஞர் என்பதால் அது கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். கிட்டார் வாசித்தவர், பீட் சீகர் முதலானோர் தொடங்கிய 'வீவர்ஸ்' பாட்டுக் குழுவில் 1963-இல் சேர்ந்தவர், இசைக்கலைஞர் பால் பீவருடன் சேர்ந்து மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை அமெரிக்கப் பாட்டுக்கும் சினிமாவுக்கும் கொண்டுவந்தவர். 1968-இல் ஓர் இசைத்தட்டுக்காக சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து மியூர் காட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் போனவர், அதற்குப் பிறகு காட்டை விடவேயில்லை. தனித்தனிப் பறவையின் குரலைப் பிடித்துவைப்பது அக்கால வழக்கம். இவர் ஓர் இடத்தின் மொத்த ஒலியையும் பதிந்தார்.

நம் பழைய இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது மரத்தோடும் விலங்கோடும் புள்ளோடும் நிற்பதில்லை. பறையையும் யாழையும் அதே வரிசையில் வைக்கிறது. நிலத்தின் உயிர்களையும் நிலத்தின் இசையையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த மனத்துக்கு, விலங்குகளின் ஒலியிலிருந்துதான் மனிதர் இசை கற்றார்கள் என்ற கிராஸின் வாதம் அந்நியமாக இருந்திருக்காது.

தோழி என் கையைத் தொட்டார். "கண்ணை மூடிப் பாருங்கோ அக்கா. மாரி பெய்ஞ்ச பிறகு எங்கட வயல் இப்பிடித்தான் கத்தும்."

மூடினேன். அப்போதுதான் இந்தக் கலைஞர்கள் செய்திருப்பதன் அருமை விளங்கியது. பாட்டுக்கேற்ப ஆடும் விளக்குகளை ஊர் ஊராகப் பார்த்தாயிற்று; பாலங்களில், நீரூற்றுகளில். அங்கெல்லாம் ஒளி முன்னே வந்து ஒலியை விழுங்கிவிடும். வெளியே வந்த பிறகு என்ன கேட்டோம் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. இங்கே ஒளி காதுக்குப் பணி செய்கிறது. சுவரில் ஒரு சிறு கீற்றைக் கண்டு, அது எந்தக் குரல் என்று இரைச்சலுக்குள் தேடிப் பிடித்து, பிறகு கண்ணை மூடினாலும் அந்தக் குரல் தப்புவதில்லை. நகரத்தில் மழுங்கிப்போன செவிக்கு இது உண்மையான பயிற்சி.

ஒளி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளி இருக்கிறது. 1988 ஜூன் 21 அன்று கிராஸ் அதன் விடியலைப் பதிந்தார். அதன்பின் ஒரு மரம் வெட்டும் நிறுவனம், இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் எடுப்போம், சூழலுக்குக் கேடு வராது என்று ஊராரிடம் சொல்லி வெட்டியது. அடுத்த ஆண்டு அதே நாளில் அதே இடத்தில் அவர் மீண்டும் பதிந்தார். பார்வைக்குக் காடு அப்படியே இருந்தது. புகைப்படத்தில் வேறுபாடு சொல்ல முடியாது. ஒலியில் மிஞ்சியது ஓடையும் ஒரு மரங்கொத்தியும். அடுத்த கால் நூற்றாண்டில் பலமுறை திரும்பிப் போனார். பழைய செழிப்பு மீளவில்லை. ஒலிவரைபடத்தில் அந்த இழப்பு கருப்பு வெறுமையாக நிற்கிறது. மறுக்க முடியாத சாட்சி அது. 5,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தன் பதிவுகளில் பாதி, இன்று அடங்கிப்போன அல்லது உருக்குலைந்த இடங்களுடையவை என்கிறார் கிராஸ். அந்த அறையில் நான் கேட்டவற்றில் எவை இப்போது உயிரோடு இருக்கின்றன என்ற எண்ணம் வந்ததும் நெஞ்சு அடைத்தது.

மறு ஆண்டு, 2017 அக்டோபரில், கலிஃபோர்னியக் காட்டுத்தீயில் அவர் வீடு எரிந்தது. கருவிகளும் குறிப்பேடுகளும் போயின. ஒலிகளின் நகல்கள் வேறு இடங்களில் இருந்ததால் பிழைத்தன. அந்த ஒளிச்சுவர் 2019-இல் லண்டனுக்கும் 2021-இல் அமெரிக்காவின் சேலம் நகருக்கும் பயணம் போனது.

திரும்பும் மெட்ரோவில் தோழி கேட்டார்: "எங்கட வயலை ஆராவது இப்பிடிப் பதிஞ்சு வைச்சிருப்பினமே?"

அந்தக் கேள்வி என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. நீலகிரிச் சோலை ஒன்றுக்கும் பிச்சாவரத்து அலையாத்திக்கும் வேடந்தாங்கல் ஏரிக்கும் இப்படி ஓர் அறை சென்னையில் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ப்ரொஜக்டரும் மென்பொருளும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்குத் தேவை ஒரு நல்ல ரெக்கார்டர், இரண்டு மைக்குகள், ஆண்டுதோறும் அதே தேதியில் அதே மரத்தடிக்கு விடியும் முன்பே போய் உட்காரத் தயாரான ஓர் ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகமோ வனத்துறையோ முன்வர வேண்டும்.