மாங்கனியும் புகைப்படக் கருவியும்

ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டிக் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவைக் காண யாம் சென்றிருந்தோம். எம்மிடம் இருந்த புகைப்படக் கருவி சிறிய தந்தையாருடையது, விலை ரூ. 60,000. "பையை முன்புறம் மாட்டிக்கொள், வாரை மணிக்கட்டிற் சுற்றிக்கொள், கூட்டத்தில் வில்லையை மாற்றாதே" என அவர் பன்முறை அறிவுறுத்தியிருந்தார். அவ்வாறே செய்தோம்.

பிட்சாடன மூர்த்தி பாரதியார் வீதியில் எழுந்தருளியபோது, மாடிகளினின்றும் மாங்கனிகள் மழையெனப் பொழிந்தன. அனைவரும் இரு கைகளையும் உயர்த்தினர். கள்வர்க்கு இதனினும் வாய்த்த பொழுது ஏது? யாமோ கைகளைப் பையினின்றும் எடுத்தோமல்லோம்.

அந்நிலையில் எம் பையின்மேல் வேறொரு கை படிந்தது. வெடுக்கெனப் பற்றினோம். குனிந்து நோக்கின், ஏழு வயதுச் சிறுவன்! பைக்கும் எம் மார்புக்கும் இடையே சிக்கியிருந்த கனியைக் காட்டி, "அண்ணே, பழம்" என்றான் நடுங்கியவாறு.

கணவன் அனுப்பிய கனியைப் பசித்து வந்த அடியார்க்கு ஈந்தவர் புனிதவதியார். அவர் விழாவிலே, பிறர் பொருளைக் காக்கச் சென்ற யாம் ஒரு குழந்தையைக் கள்வனாக்கினோம்! நாணத்துடன் கனியை அவன் கையில் வைத்தோம்.

கருவி நலமே இல்லம் சேர்ந்தது. ஆயினும் அதனுள் ஒரு படமேனும் இல்லை. நம்பி ஒப்புவித்த பொருளைக் காத்தல் கடனே. அதன்பொருட்டு அயலாரையெல்லாம் ஐயுறுதல் கடனன்று என்பதை நண்பர்காள், நினைவிற் கொள்மின்.