நான் சொன்ன நாலு நம்பர்

அப்பாவுக்கு இன்சுலின் போட்டுவிடுவது நான்தான். 2023 ஏப்ரலில், அளவைக் கூட்டிய பிறகும் சர்க்கரை இறங்கவில்லை. ஒருநாள் வெறும் வயிற்றில் 280. டாக்டர் கேட்டார்: "மருந்த எங்க வைக்கிறீங்க?" ஃபிரிட்ஜில் என்றேன். "ஃபிரிட்ஜ் ஒழுங்கா கூல் ஆகுதா?" என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

முந்தைய ஆண்டு ஜூன் 8-ம் தேதி மதுரையில் வாங்கிய ஃபிரிட்ஜ். ஒரு வருட வாரண்டி. கம்ப்ரஸருக்கு மட்டும் பத்து வருடம். மார்ச்சிலேயே பால் திரிய ஆரம்பித்துவிட்டது. புகார் கொடுத்ததும் ஒரு தம்பி வந்தார். "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று ஏற்றிவிட்டார். ஒரு மணி நேரத்தில் ஃப்ரீசர் சில்லிட்டது. "உங்க போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார். கால் க்ளோஸ் பண்ணணும்" என்றார். சொன்னேன். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

டாக்டர் கேட்ட அன்றே இரண்டாவது புகார். மே 20-ல் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அதே கேஸ், அதே நாலு நம்பர், அதே கையெழுத்து. ஆபீசில் ஒரு வவுச்சரைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். வெயிலில் அலைந்து வந்த பையனை நிற்கவைத்துக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதற்கிடையில் அப்பாவின் மருந்து பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போயிருந்தது. காலையும் ராத்திரியும் அவர்கள் கதவைத் தட்டி வாங்கி வருவேன்.

ஜூன் 14 காலையில் தோசை மாவு பொங்கி, கண்ணாடித் தட்டு வழியே காய்கறி டப்பா வரை வழிந்திருந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

"வாரண்டி முடிஞ்சிடுச்சு சார். விசிட், கேஸ், லேபர் எல்லாத்துக்கும் சார்ஜ் ஆகும்."

"அதே கோளாறும்மா. வாரண்டி இருக்கும்போதே மூணு தடவ வந்தாங்களே."

"பார்க்கிறேன் சார்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "மூணு கம்ப்ளைன்ட்டும் க்ளோஸ் ஆயிருக்கு சார். மார்ச், கூலிங் ஓகே, கஸ்டமர் சாட்டிஸ்ஃபைடு. ஏப்ரல், கூலிங் ஓகே, கஸ்டமர் சாட்டிஸ்ஃபைடு. மே…"

அந்தப் பெண் குரலில் கடுமை எதுவும் இல்லை. இருந்ததை வாசித்தார், அவ்வளவுதான். நான் திறந்த ஃபிரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது. மாவு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குளிர் கொஞ்சமும் வரவில்லை. கோளாறு தீர்ந்துவிட்டது என்று கம்பெனிக்கு மூன்று முறை சொன்னது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு நம்பருக்கு அதுதான் அர்த்தம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, காசு பறிக்கத்தானே இப்படி இழுத்தடித்தீர்கள் என்று கத்தினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ளயே சுத்தும். குறையுதுன்னா எங்கயோ லீக். அத டெஸ்ட் பண்ண அரை நாள் வேணும், எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு கால். லீக் பார்க்காம நம்பர் தர மாட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா, ஷீட்ல எழுதிக் குடுத்திருப்பேன்." எனக்குப் பேச்சு எழவில்லை.

என்னிடம் இருந்தவை புகார் எண் வந்த எஸ்எம்எஸ்கள் மட்டும்தான். மற்றதை என் மனைவி வைத்திருந்தாள். மாதக் காலண்டரில், பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் நடுவில், மூன்று மாதத் தாள்களிலும் 'ஃபிரிட்ஜ் கேஸ்' என்று அவள் கையெழுத்து. அவற்றைப் படமெடுத்து, ஒரே கோளாறை வாரண்டிக் காலத்திலேயே மூன்று முறை சொன்னோம், ஒரு முறைகூடக் கசிவு பார்க்கப்படவில்லை என்று கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. வக்கீல் நண்பர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் நம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது என்றார். அதற்கு முன் 1915-ஐக் கூப்பிட்டுப் பார் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழிலேயே பேசிப் பதிவு செய்துகொண்டார்கள். ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. செலவு அவர்களுடையது என்றார்கள்.

வந்தது அதே தம்பி. நைட்ரஜன் சிலிண்டரை மாட்டி அழுத்தம் ஏற்றினார். சோப்பு நுரையை ஸ்பாஞ்சில் தொட்டுப் பின்பக்கக் குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டே போனார். மூன்றாவது இணைப்பில் கடுகளவு குமிழ் ஒன்று கிளம்பி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. "பாருங்க சார்" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். அப்பாவின் சர்க்கரை ஏறியதற்கும் நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதற்கும் இந்த இடம்தான் காரணம்.

பற்றவைத்து, கேஸை எடைபோட்டு ஏற்றி முடிக்கும்போது இரண்டரை மணி ஆகிவிட்டது. சாப்பிடச் சொன்னோம்; தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

"அன்னைக்குப் போன்ல பேசினது தப்பு தம்பி."

"விடுங்க சார். நம்பர் வந்திருக்கும்…"

"ஷீட்ட முதல்ல குடுங்க."

கண்ணாடியை எடுத்து வந்து படித்தேன். கசிவு இருந்த இடம், பற்றவைத்தது, அழுத்தச் சோதனை எல்லாம் எழுதியிருந்தார். நாலு நம்பரையும் சொன்னேன். என் மனைவி காலண்டரில் தேதியைக் குறித்தாள்.

பத்து நாள், காலையும் மாலையும் உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்குப் போய் அப்பாவின் மருந்தை எடுத்து வந்தேன்.