சக்கரம் திறந்த சாலைகள்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ளது திருவரங்குளம். சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட பழைமையான சிவன்கோயில் இவ்வூரின் அடையாளம். பெருஞ்சாலையை விட்டுச் சற்று விலகினால் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் கண்மாய்களும் கண்ணுக்குப் புலப்படும். அவற்றின் ஊடே சிற்றூர்களை இணைக்கும் குறுகிய சாலைகள் வளைந்து செல்கின்றன. பேருந்து வந்துபோகும் சில வேளைகள் தவிர, அச்சாலைகளில் ஆரவாரம் இல்லை. மாவட்டத்தின் வடமேற்கே நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை ஆகிய குன்றுகளின் அடிவாரங்களிலும் இத்தகைய பாதைகள் உள்ளன. மேடுபள்ளம் மிகாத நிலம், குறைந்த போக்குவரத்து, அருகருகே ஊர்கள் என மிதிவண்டிப் பயணத்துக்கு வேண்டிய யாவும் இங்கு இயல்பாகவே வாய்த்துள்ளன.

ஆயினும், சாலை போடப்பட்டதனாலேயே அது எல்லார்க்கும் திறந்துவிடுவதில்லை. நெடுங்காலம் இப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டியவர் பெரும்பாலும் ஆடவரே. சிறுவர்கள் இருக்கைக்குக் கால் எட்டாத வயதிலேயே குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகினர். அவர்களின் அக்காவும் தங்கையும் ஓரமாக நின்று பார்த்தனர். பெண்கள் தலைச்சுமையுடன் நடந்தனர்; பேருந்துக்குக் காத்திருந்தனர்; இல்லையெனில் தந்தையோ உடன்பிறந்தவனோ கணவனோ ஓட்டும் வண்டியின் பின்னால் அமர்ந்து சென்றனர். அவர்கள் புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் பிறர் கையில் இருந்தன.

எழுத்தும் சக்கரமும்

இந்நிலை மாறியது ஓர் எழுத்தறிவு இயக்கத்தால். 1988ஆம் ஆண்டு நடுவண் அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வேர்கொண்டது. மாலை வேளைகளில் தெருவிளக்கின் கீழும் திண்ணைகளிலும் கற்றல் மையங்கள் கூடின. கற்க வந்தவர்களிலும் கற்பித்த தொண்டர்களிலும் பெண்கள் மிகுதி.

அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஓர் எளிய உண்மையை உணர்ந்தார். கற்பிக்கும் பெண் அடுத்த ஊருக்குத் தானே சென்று திரும்ப முடியாவிட்டால், கல்வி உட்கிராமங்களை அடையாது. ஆகவே, எழுத்தறிவோடு இடம்பெயரும் ஆற்றலும் பாடத்தின் ஒரு பகுதியாயிற்று. ஊர்தோறும் மிதிவண்டிப் பயிற்சி முகாம்கள் நடைபெற்றன. மிதிவண்டி வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்யப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தோரும் தெரியாதோரும், வேளாண் தொழிலாளரும் கல்லுடைக்கும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும், ஆசிரியைகளும் பள்ளி மாணவியரும் ஒரே திடலில் பயின்றனர்.

ஆளரவமற்ற பாதையின் கொடை

மிதிவண்டி கற்பது என்பது முதலில் விழக் கற்பது. சமநிலை உடலில் படியும்வரை வண்டி இடமும் வலமும் அலையும். கைப்பிடி சொன்ன சொல் கேட்காது. அந்நேரத்தில் எதிரே ஒரு சரக்குந்து வந்தால் கற்பவரின் துணிவு அன்றே முடிந்துவிடும். நெரிசல் இல்லாத சாலை, விழுந்தவருக்கு எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு மீண்டும் முயலும் அவகாசத்தைத் தருகிறது. புதுக்கோட்டையின் பொட்டல்களும் சிற்றூர்ச் சாலைகளும் அந்த அவகாசத்தை வழங்கின. எத்தனை மிதிவண்டிகள் கிடைத்தன, எவ்வளவு கடன் கிடைத்தது என்று கணக்கிடுவோர் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெண்களுக்கான மிதிவண்டிகள் போதிய அளவில் கிடைக்காதபோது, ஆடவர் ஓட்டும் குறுக்குக் கம்பி வண்டியையே பெண்கள் ஏற்றனர். அந்தக் கம்பியில் சிறு இருக்கை பொருத்திக் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால், சிலர் அதனையே விரும்பியும் வாங்கினர். தடை எனக் கருதப்பட்டது தாய்க்கு வசதியாயிற்று. முன்னால் குழந்தை, பின்னால் விளைபொருள் மூட்டை அல்லது தண்ணீர்க்குடம் எனப் பெண்கள் சாலைகளில் சென்றனர். கேலி பேசியவர்களும் ஒழுக்கத்தை ஐயுற்றுப் பேசியவர்களும் இருந்தனர். ஓட்டக் கற்ற பெண்கள் வண்டியை நிறுத்தவில்லை.

1992ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி கட்டி, மணியொலி எழுப்பியவாறு புதுக்கோட்டை நகர வீதிகளில் அணிவகுத்தனர். அக்காலத்தில் மாவட்டத்தின் ஊரகப் பெண்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். ஒதுக்குப்புறப் பாதையில் பழகிய துணிவு நகரின் நடுவீதிக்கு வந்து சேர்ந்தது.

பயன் பலவாறு பெருகியது. பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட்டு ஒரே ஊரில் விற்றுவந்த பொருளைப் பல ஊர்களில் விற்க முடிந்தது. காத்திருப்பில் கரைந்த நேரம் மீண்டது. மீண்ட நேரம் உழைப்புக்கும் படிப்புக்கும் சிறிது ஓய்வுக்கும் பயன்பட்டது. இவை எல்லாவற்றினும் மேலானது ஒன்றுண்டு: எப்போது போவது, எவ்வழியே திரும்புவது என்பதைப் பெண் தானே முடிவுசெய்தாள்.

விலை கொடுத்து மீட்டவர்கள்

புதுக்கோட்டைக்கு இயல்பாக வாய்த்த அமைதியான பாதையின் அருமையைச் சில நாடுகள் அதனை இழந்த பின்னரே உணர்ந்தன. நெதர்லாந்தில் மகிழுந்துகள் பெருகிய காலத்தில், 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோரும் பொதுமக்களும் தெருவில் இறங்கிப் போராடினர். அதன் பின்னரே மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் அங்கு நாடெங்கும் விரிந்தன.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து இத்தாலியின் கிராடோ கடற்கரைவரை சுமார் 400 கிலோமீட்டர் நீளும் மிதிவண்டித் தடம் ஒன்று உள்ளது. எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் நுழைந்ததும், கைவிடப்பட்ட பழைய இருப்புப்பாதையே அதன் தடமாகிறது. தொடர்வண்டிக்காகக் குடைந்த சுரங்கங்களிலும் கட்டிய பாலங்களிலும் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. அங்கே அது சுற்றுலாச் செல்வம். திருவரங்குளத்துச் சிற்றூர்ச் சாலையில் செல்பவர் பெரும்பாலும் பள்ளிக்கோ வேலைக்கோ செல்பவர். நோக்கம் வேறாயினும் தேவை ஒன்றே: அச்சமின்றிச் செல்லத்தக்க வழி.

மூன்று கிலோமீட்டர்

இந்த வழி எத்துணை இன்றியமையாதது என்பதைப் பீகார் மாநிலம் காட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர் மிதிவண்டி வாங்க 2006இல் அம்மாநில அரசு நிதி வழங்கத் தொடங்கியது. இத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் விகிதம் சுமார் 30 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டறிந்தனர். பள்ளி மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ தொலைவில் இருந்த ஊர்களிலேயே இப்பயன் மிகுந்தது. கல்வியைத் தடுத்து நின்றவற்றுள் தொலைவும் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டிகள் வழங்கப்படுகின்றன. அவ்வண்டி பள்ளி வாயிலில் கையளிக்கப்படும்போது பாதிப்பணி முடிகிறது. மீதிப்பணி சாலையில் இருக்கிறது. சிற்றூர்ச் சாலையில் தயக்கமின்றி வரும் மாணவி, பெருஞ்சாலையைச் சந்திக்கும் இடத்தில் கனரக ஊர்திகளின் விரைவைக் கண்டு தயங்குகிறாள். பெற்றோரும் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வளர்ந்தால், வீட்டில் புதுவண்டி சார்த்திவைக்கப்பட, மாணவி மீண்டும் பேருந்துக்குக் காத்திருப்பாள்.

ஆகவே, கண்மாய்க்கரைப் பாதைகளையும் பழைய வண்டித்தடங்களையும் சிற்றூர்ச் சாலைகளையும் பள்ளியோடு இணைத்துப் பேணுவது இன்றைய கடமை. பெருஞ்சாலையின் ஓரத்தில் மிதிவண்டிக்கென ஒரு கீற்று நிலம், சந்திப்பில் ஊர்திகளின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, மாலையில் எரியும் விளக்கு ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. ஊராட்சியின் கூட்டத்தில் எழுப்பத்தக்க கோரிக்கைகளே இவை. ஒரு தலைமுறைப் பெண்கள் விழுந்தெழுந்து பெற்ற உரிமை, அடுத்த தலைமுறைக்குச் செல்லத்தக்க சாலையாக நிலைபெற வேண்டும். எந்நேரமும் எவர் துணையுமின்றி ஒரு மாணவி மிதித்துச் சென்று வீடு திரும்பும் சாலையே முழுமையாகப் போடப்பட்ட சாலை.